கோடிங் இன்டர்வியூவுக்கு எந்த மொழி?

பிளேஸ்மென்ட் காலம் நெருங்கியதும் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும்: “சி++ படிக்கணுமா, ஜாவாவா, இல்ல பைத்தானே போதுமா?” பதில் சொல்ல சீனியர்களும் தயாராக இருப்பார்கள். சி++ எழுதி வேலை வாங்கியவர் சி++ என்பார். பைத்தானில் தேறியவர் பைத்தான் என்பார். யாரும் பொய் சொல்வதில்லை, அவரவர் கதையைச் சொல்கிறார்கள். உங்கள் கதைக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டுமானால், இன்டர்வியூவில் மொழி எந்த இடத்தில் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் காலை வாருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மொழியில் எழுதும்போது மொழியைப் பற்றிய நினைப்பே உங்களுக்கு வருவதில்லையோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இன்னும் அமையவில்லை என்றால் பைத்தான். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருவோம்.

இன்டர்வியூவில் நேரம் எங்கே போகிறது

ஒரு கோடிங் சுற்று பெரும்பாலும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நடக்கும். அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம், கடைசியில் நீங்கள் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் கழித்தால் 45 நிமிடச் சுற்றில் மிஞ்சுவது 35 நிமிடம். அதற்குள் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். சந்தேகங்களைக் கேட்க வேண்டும். முதலில் தோன்றும் சுமாரான வழியைச் சொல்லி, அதைவிட நல்ல வழியைத் தேட வேண்டும். பிறகு கோட் எழுதி, ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக் கையால் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு நேரமும் மெமரியும் ஆகும் என்று சொல்ல வேண்டும். சில இடங்களில் இதே நேரத்தில் இரண்டாவது கணக்கும் வரும்.

இதில் கை கோட் எழுதும் நேரம் பத்து, பதினைந்து நிமிடம்தான். எதிரே இருப்பவர் குறிப்பெடுப்பது, இவர் எப்படி யோசிக்கிறார், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்கிறாரா, எழுதியது சரியா, தப்பு இருந்தால் தானே கண்டுபிடிக்கிறாரா என்பவற்றைத்தான். மொழிக்கென்று தனியாக மதிப்பெண் இருப்பது அபூர்வம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் “உங்களுக்குப் பிடித்த மொழியில் எழுதுங்கள்” என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

மொழியால் மதிப்பெண் ஏறாது, குறையத்தான் செய்யும். ஹாஷ் மேப்பில் (சாவியையும் அதற்குரிய மதிப்பையும் ஜோடியாகச் சேமிக்கும் அமைப்பு) ஒரு சாவி இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டால், அந்த ஒரு நிமிடத்தோடு அது முடிவதில்லை. அடுத்து என்ன எழுத வந்தோம் என்ற இழையும் அறுந்துவிடுகிறது. அதை மறுபடி பிடிக்க இன்னும் இரண்டு நிமிடம். பதற்றத்தில் இருக்கும்போது இது நடக்காதவர்கள் குறைவு.

ஒரே கணக்கைப் பல மொழிகளில்

பேச்சாகவே சொல்லிக்கொண்டு போனால் பிடிபடாது. இன்டர்வியூக்களில் அடிக்கடி வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கடையில் விற்ற பொருள்களின் எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன: 4, 7, 4, 9, 7, 4. அதிகம் விற்ற இரண்டு பொருள்கள் எவை? கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்: 4 மூன்று முறை, 7 இரண்டு முறை. பட்டியலில் பத்து லட்சம் எண்கள் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வழி எளிது. ஒரு ஹாஷ் மேப்பில் ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். பிறகு, சிறியது மேலே நிற்கும் ஹீப் ஒன்றை எடுத்து, எண்ணிக்கைகளை ஒவ்வொன்றாக அதில் போடுகிறோம். ஹீப்பில் இரண்டுக்கு மேல் சேர்ந்தால் மேலே இருக்கும் சிறியதைத் தூக்கி எறிகிறோம். கடைசியில் உள்ளே மிஞ்சிய இரண்டுதான் விடை. யோசனை இவ்வளவுதான், எந்த மொழியிலும் இது மாறாது. இனி எழுதிப் பார்ப்போம்.

பைத்தானில் ‘கவுன்ட்டர்’ என்று ஒன்று இருக்கிறது. பட்டியலை அதனிடம் கொடுத்தால் எண்ணிக்கை வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். ‘அதிகம் வந்த இரண்டைக் கொடு’ என்று கேட்கவும் அதிலேயே வசதி உண்டு. அதை எழுதிக் காட்டினால் எதிரே இருப்பவர் சிரித்துவிட்டு, “சரி, அது உள்ளே எப்படி வேலை செய்கிறது, நீங்களே எழுதுங்கள்” என்பார். அப்போதும் கவலையில்லை. எண்ணிக்கையையும் பொருளையும் ஒரு ஜோடியாகக் கட்டி ஹீப்பில் போட்டால், ஜோடிகளை ஒப்பிடும்போது முதலில் இருக்கும் எண்ணிக்கையைத்தான் பைத்தான் முதலில் பார்க்கும். ஏழெட்டு வரியில் எல்லாம் அடங்கிவிடும். அந்த வரிகளை வாசித்தால் நாம் வாயால் சொன்ன யோசனை போலவே இருக்கும்.

ஜாவாவில் இதே வேலை பதினைந்து வரி வரை போகும். ஹாஷ் மேப்பை அறிவிக்கும்போது சாவி என்ன வகை, மதிப்பு என்ன வகை என்று எழுத வேண்டும். ‘ப்ரையாரிட்டி கியூ’வுக்கு எதை வைத்து ஒப்பிடுவது என்று சொல்லித்தர வேண்டும். கடைசியில் விடையைச் சாதாரண அர்ரேவாக மாற்றித் தர ஒரு லூப். ஒன்றும் கடினமில்லை, ஆனால் விரல்களுக்கு வேலை அதிகம். தினமும் ஜாவா எழுதுகிறவருக்கு அந்த வரிகள் தாமாக வந்து விழும். மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறவர்தான் திணறுவார்.

சி++ இரண்டுக்கும் நடுவில். எண்ணிக்கை வேலை மிகச் சுலபம்: மேப்பில் இல்லாத சாவியைக் கேட்டால் அது பூஜ்யத்தில் தொடங்கிக்கொள்ளும், ஒன்று கூட்டிக்கொண்டே போகலாம். இடறும் இடம் ஹீப். சி++ தரும் ‘ப்ரையாரிட்டி கியூ’வில் பெரியதுதான் மேலே நிற்கும். சிறியது மேலே வர வேண்டுமானால் அறிவிப்பில் மூன்று வகைகளை வரிசையாக எழுத வேண்டும். அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யாதவர்கள் இன்டர்வியூவில் அங்கே நின்றுவிடுவார்கள். மைனஸ் போட்டு எண்ணிக்கைகளைத் தலைகீழாக்கித் தப்பிப்பவர்களும் உண்டு. அது தவறில்லை, ஏன் மைனஸ் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

ஜாவாஸ்கிரிப்டில் மேப் இருக்கிறது, மொழியோடு வரும் ஹீப் இல்லை. எண்ணிக்கையை வைத்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி முதல் இரண்டை எடுக்கலாம். “அதைவிட வேகமாக முடியுமா?” என்று கேட்டால் ஹீப்பை நீங்களே எழுத வேண்டும், முப்பது வரியாவது ஆகும். கோ மொழியில் ஹீப் உண்டு, ஆனால் நீளம், ஒப்பீடு, இடமாற்றம், சேர்ப்பு, எடுப்பு என்று ஐந்து ஃபங்ஷன்களை நீங்கள் எழுதித் தந்தால்தான் அது நகரும்.

சி மொழியில் ஹாஷ் மேப்பே கிடையாது. அர்ரேவை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து ஒரே எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம். அல்லது ஹாஷ் டேபிளையே கையால் கட்டலாம். கட்டத் தெரிந்திருப்பது பெரிய விஷயம்தான், ஆனால் 35 நிமிடத்தில் அதற்கும் நேரம் ஒதுக்கிவிட்டுக் கணக்கையும் போடுவது பெரும்பாடு.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வழி சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு பொருள் அதிகபட்சம் எத்தனை முறை வரலாம்? பட்டியலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு. அதனால் பட்டியலின் நீளத்தைவிட ஒன்று கூடுதலான நீளத்தில் ஒரு அர்ரே எடுத்து, மூன்று முறை வந்தவற்றை 3-ஆம் பெட்டியிலும் இரண்டு முறை வந்தவற்றை 2-ஆம் பெட்டியிலும் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வரலாம். ஹீப்பே வேண்டாம், வேகமும் குறையாது. மொழியில் ஒரு வசதி இல்லாதபோது இப்படி வேறு வழி தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பைத்தான் சுலபம்தான், ஆனால்

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் பைத்தான் எல்லாவற்றுக்கும் மருந்து போலத் தெரியும். அப்படியில்லை. பைத்தானை எடுப்பவர்கள் அது கடிக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அதில் பிழை செய்வதும் சுலபம், செய்தபின் அது அமைதியாகத் தப்பான விடை தந்துவிட்டுப் போகும்.

வகுத்தல் ஒரு நல்ல உதாரணம். போஸ்ட்ஃபிக்ஸ் முறையில், அதாவது எண்களுக்குப் பின்னால் குறி வரும்படி எழுதிய ஒரு கோவையின் மதிப்பைக் கண்டுபிடிப்பது இன்டர்வியூக்களில் புழங்கும் பழைய கணக்கு. கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக் ஒன்றை வைத்துப் போட்டுவிடலாம். அதில், வழக்கமான முறையில் எழுதினால், 10 × (6 ÷ ((9 + 3) × −11)) + 17 + 5 என்ற கோவை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்து வருவதில் பின்னத்தை வெட்டிவிட வேண்டும் என்பது நிபந்தனை. 9-உம் 3-உம் 12. அதை −11-ஆல் பெருக்கினால் −132. 6-ஐ −132-ஆல் வகுத்தால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே ஏதோ ஒரு பின்னம். பின்னத்தை வெட்டினால் 0. பத்தால் பெருக்கினாலும் 0. 17-உம் 5-உம் சேர்த்து விடை 22.

சி++, ஜாவா இரண்டும் சரியாக 22 என்றே சொல்லும். பைத்தானில் இரட்டைச் சாய்வுக்கோடு போட்டு வகுத்தால் 12 வரும். காரணம், அந்த வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டாது, எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும். அதனால் 0 வர வேண்டிய இடத்தில் −1. பத்தால் பெருக்கியதும் −10. எரர் ஒன்றும் வராது. சின்ன உதாரணங்கள் எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருக்கும், மைனஸ் எண் ஒன்று வரும் வரை. மீதி காண்பதிலும் இதே கதைதான்: −7-ஐ 3-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, ஜாவாவிலும் சி++-இலும் −1. எது சரி என்ற சண்டை வேண்டாம், உங்கள் மொழி எதைச் செய்யும் என்று தெரிந்தால் சரி.

இரண்டாவது இடம், கட்டம் கட்டுவது. மூன்று பூஜ்யம் கொண்ட ஒரு வரிசையை எழுதி, அதை மூன்றால் பெருக்கினால் மூன்றுக்கு மூன்று கட்டம் கிடைத்துவிட்டது போலத் தோன்றும். அச்சிட்டுப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். முதல் வரிசையின் முதல் இடத்தில் 1 போட்டுவிட்டு மறுபடி அச்சிட்டால் மூன்று வரிசையிலும் 1 இருக்கும். உள்ளே இருப்பது ஒரே வரிசைதான், மூன்று பெயரில். வரிசைகளை லூப் போட்டுத் தனித்தனியாக உருவாக்க வேண்டும். சின்ன விடைகளைக் கட்டத்தில் குறித்துவைத்துப் பெரிய விடையைக் காணும் டைனமிக் புரோகிராமிங் கணக்குகளில் இது அடிக்கடி வந்து மாட்டும்.

மூன்றாவது, முதலில் வந்ததை முதலில் எடுக்கும் கியூ. அகலவாக்கில் (BFS) தேடும் கணக்குகளில் சாதாரண லிஸ்ட்டையே கியூவாக வைத்து முதல் உறுப்பை எடுப்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மீதி எல்லா உறுப்புகளும் ஓரிடம் முன்னே நகர வேண்டியிருக்கும். விடை சரியாக வரும், வேகம் போய்விடும். அதற்கென்றே, இரு முனையிலும் வேகமாக எடுக்கவும் சேர்க்கவும் உதவும் ‘டெக்’ இருக்கிறது. இதைக் கவனிக்கும் இன்டர்வியூ எடுப்பவர், “இந்த வரிக்கு எவ்வளவு நேரமாகும்?” என்று மெதுவாகக் கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் ஏதோ சிக்கல் என்று அர்த்தம்.

ரிகர்ஷனிலும் வரம்பு உண்டு. ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு சுமார் 1000 ஆழம் போனதும் பைத்தான் நிறுத்திவிடும். 200-க்கு 200 கட்டத்தில் தீவுகளை எண்ணும் கணக்கில் முழுக் கட்டமும் ஒரே நிலமாக இருந்தால் ஆழம் 40,000 வரை போகலாம். வரம்பை உயர்த்தலாம், அல்லது ஸ்டாக் ஒன்றை நீங்களே வைத்துக்கொண்டு லூப்பாக எழுதலாம். இரண்டாவதுதான் பத்திரம்.

பைத்தானில் நிஜமாகவே இல்லாத ஒன்றும் இருக்கிறது: எப்போதும் வரிசையிலேயே இருக்கும் மேப். ஒரு மண்டபத்தின் முன்பதிவுகளை வைத்துக்கொண்டு, புதிதாக வரும் பதிவு ஏற்கெனவே இருப்பவற்றோடு இடிக்கிறதா என்று பார்க்கும் கணக்கை நினைத்துப் பாருங்கள். ‘இந்த நேரத்துக்கு முன்னால் தொடங்கிய கடைசிப் பதிவு எது?’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நடுவே புதிய பதிவுகளையும் சேர்க்க வேண்டும். ஜாவாவில் ‘ட்ரீ மேப்’ இதற்கு ஒரே அழைப்பில் பதில் சொல்லும். சி++-இன் மேப்பும் ஏறத்தாழ அப்படியே. பைத்தானில் வரிசைப்படுத்திய லிஸ்ட்டில் பாதி பாதியாக வெட்டித் தேடும் ‘பைசெக்ட்’ வைத்துத் தேடலாம். தேடுவது வேகம், ஆனால் நடுவே ஒன்றைச் சேர்க்கும்போது மற்றவை நகர வேண்டும். இதை மறைக்க வேண்டாம். “சேர்ப்பதற்கு நேரம் கூடுதலாகும், சமநிலை மரம் ஒன்று இருந்தால் லாக் அளவில் முடியும்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள்.

ஹீப் பற்றியும் ஒரு குறிப்பு: பைத்தானின் ஹீப் சிறியதை மேலே வைப்பது. பெரியதை மேலே வைக்கும் ஃபங்ஷன்கள் 3.14 பதிப்பில்தான் சேர்ந்தன. இன்டர்வியூத் தளத்தில் எந்தப் பதிப்பு ஓடும் என்று உறுதியில்லை என்பதால் பழைய மைனஸ் தந்திரத்தையே பழகிக்கொள்ளுங்கள்.

மற்ற மொழிகளின் பள்ளங்கள்

ஜாவாவில் புதியவர்கள் விழும் பள்ளம் இரட்டைச் சமக்குறி. பொருளாகச் சுற்றிய இரண்டு முழு எண்களை அதை வைத்து ஒப்பிட்டால் 100-க்கு ‘ஆம்’ வரும், 1000-க்கு ‘இல்லை’ வரும். −128 முதல் 127 வரையான எண்களை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பத் தருவதால் வரும் விளைவு இது. அதைத் தாண்டினால் வேறு வேறு பொருள்கள் வரலாம், சமக்குறி பொருள்களைத்தான் ஒப்பிடும். ஹாஷ் மேப்பிலிருந்து எடுத்த எண்ணிக்கைகளை ஒப்பிடும்போது இது வந்து நிற்கும். அப்புறம் நீளம்: அர்ரேவுக்கு ‘லெங்த்’, ஸ்ட்ரிங்குக்கு அடைப்புக்குறியோடு ‘லெங்த்’, லிஸ்ட்டுக்கு ‘சைஸ்’. ஜாவாவில் வருடக்கணக்காக இருப்பவர்கள்கூட வெறும் தாளில் எழுதும்போது இதில் தடுமாறுவார்கள்.

ஜாவா, சி++ இரண்டுக்கும் பொதுவானது எண்ணின் எல்லை. 32 பிட் முழு எண் 2,147,483,647-ஐத் தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். ஜாவாவில் இது நிச்சயம், சி++-இல் என்ன நடக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. பைனரி சர்ச்சில் இடது எல்லையையும் வலது எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடிப்போம் அல்லவா? அந்தக் கூட்டல் எல்லையைத் தாண்டலாம். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் தாமே அதை விளக்கிக் கட்டுரை எழுதினார். இடது எல்லையோடு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதியைக் கூட்டினால் பிரச்சினை இல்லை. பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லையே கிடையாது என்பதால் அங்கே இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனாலும் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சி++-இல் அர்ரேவின் எல்லைக்கு வெளியே போய் வாசித்தால் அது கத்தாது. குப்பை எண் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரும், அல்லது பத்து வரி தள்ளி எங்கோ போய் விழும். காலியான வெக்டரின் (நீளம் மாறக்கூடிய அர்ரே) நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் −1 வராது, நீளம் குறியில்லாத எண் என்பதால் 64 பிட் கணினியில் 18,446,744,073,709,551,615 வரும். லூப் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ரிகர்ஷன் ஃபங்ஷனுக்கு வெக்டரைக் கொடுக்கும்போது ‘&’ போட மறந்தால் ஒவ்வொரு அழைப்பிலும் முழு வெக்டரும் நகலெடுக்கப்படும். விடை சரி, வேகம் பாதாளம்.

ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தல், எப்படி ஒப்பிடுவது என்று சொல்லித்தராவிட்டால் எண்களையும் எழுத்துகளாகவே பார்க்கும். 10, 9, 1 என்பதைக் கொடுத்தால் 1, 10, 9 என்று திரும்ப வரும். இது ஒன்றை மறக்காமல் இருந்தால் ஜாவாஸ்கிரிப்டில் மற்றவை பரவாயில்லை.

வேகம் என்ற பயம்

“பைத்தான் மெதுவானது, டெஸ்ட் கேஸ் பாஸ் ஆகாது” என்பது சி++ கட்சியின் பெரிய வாதம். இதில் பாதி உண்மை.

எதிரே ஆள் உட்கார்ந்து எடுக்கும் இன்டர்வியூவில் யாரும் கடிகாரம் வைத்து கோடை ஓட்டுவதில்லை. சில இடங்களில் கோட் ஓடவே ஓடாது, வெறும் ஆவணப் பக்கத்திலோ வெள்ளைப் பலகையிலோ எழுதுவீர்கள். அங்கே குறைவாக எழுத வைக்கும் மொழிக்குத்தான் லாபம். வேகம் கணக்கில் வருவது அதற்கு முந்தைய ஆன்லைன் தேர்வில். அங்கே மறைத்து வைத்த டெஸ்ட் கேஸ்கள் உண்டு, நேர வரம்பு உண்டு.

அங்கும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சி++ ஒரு விநாடிக்குச் சுமார் 10 கோடி எளிய வேலைகள் செய்யும் என்பது கோடிங் போட்டியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பைத்தானுக்கு 1 கோடி என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் 1 லட்சம் எண்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் வழிக்கு 1000 கோடி வேலை. சி++ என்றாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல், தேறாது. வரிசைப்படுத்திவிட்டுப் போடும் வழிக்குச் சுமார் 17 லட்சம், பைத்தானிலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் முடிவு செய்வது வழிதான்.

மொழி முடிவு செய்வது நடுவில் ஒரு சின்ன இடத்தில். 5000 எண்கள் இருந்து, இரட்டை லூப்தான் ஒரே வழி என்றால் 2.5 கோடி வேலை. சி++ கண்ணிமைப்பதற்குள் முடிக்கும், பைத்தான் சில விநாடிகள் எடுத்துக்கொண்டு வரம்பைத் தாண்டலாம். இப்படிப்பட்ட கணக்குகள் வரும், அடிக்கடி அல்ல. இதை உத்தேசித்தே சில தளங்கள் மொழிக்கேற்ப வரம்பைத் தளர்த்துகின்றன. ஹேக்கர்ரேங்கில் பொதுவாக சி++-க்கு 2 விநாடி என்றால் ஜாவாவுக்கு 4, பைத்தானுக்கு 10. திருச்சி என்.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய தளம் அது, நம் ஊர்ப் பிள்ளைகளை மிரட்டும் தேர்வுகளில் பல அதில்தான் நடக்கின்றன என்பது வேறு கதை. கோட்ஃபோர்சஸ் போன்ற போட்டித் தளங்களில் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது. அங்கே புழங்குகிறவர்கள் சி++-ஐ விடாமல் பிடித்திருப்பதற்கு அது முக்கியக் காரணம்.

வேலை எது என்று பாருங்கள்

‘எந்த மொழியும் சரி’ என்பது பொதுவான மென்பொருள் பொறியாளர் வேலைக்குத்தான். ஃபிரன்ட்எண்ட் வேலைக்குப் போய் பைத்தானில் எழுதுகிறேன் என்றால் முகம் மாறும், ஏனென்றால் அவர்கள் குளோஷர், ஈவென்ட் லூப், பிராமிஸ் என்று ஜாவாஸ்கிரிப்ட் விஷயங்களாகக் கேட்கப் போகிறார்கள். ஆண்ட்ராய்டு என்றால் காட்லின் அல்லது ஜாவா, ஐபோன் என்றால் ஸ்விஃப்ட். எம்பெடட் வேலைக்கு சி, சி++ இல்லாமல் முடியாது, பாயின்டர் வரைபடம் வரையச் சொல்வார்கள். பங்குச் சந்தையில் மைக்ரோ விநாடிக்குப் போராடும் நிறுவனங்கள் சி++-இன் உள்ளும் புறமும் கேட்கும். டேட்டா பக்கம் போகிறவர்களுக்கு பைத்தானும் எஸ்.கியூ.எல்.உம். வேலை அறிவிப்பில் ஒரு மொழியின் பெயர் இரண்டு முறைக்கு மேல் வந்தால் அதில் எழுதத் தயாராகப் போவதே மரியாதை. சந்தேகம் இருந்தால் ரெக்ரூட்டருக்கு ஒரு மெயில் போட்டு “கோடிங் சுற்றில் எந்தெந்த மொழி அனுமதி?” என்று கேட்டுவிடலாம். கேட்டதற்காக யாரும் தள்ளிவிட்டதில்லை.

நம் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வந்துவிட்டது, அதற்கு முன் அந்த இடத்தில் சி இருந்தது. அப்புறம் சி, டேட்டா ஸ்ட்ரக்சர், ஜாவா என்று அடுத்தடுத்து வந்தன. நான்கு ஆண்டு முடிவில் மூன்று மொழி தொட்டிருப்போம், மூன்றிலும் லேப் ரெக்கார்டு எழுதியிருப்போம், ஒன்றிலும் கை ஓடாது. இந்த நிலையில் இருந்தால் பைத்தானை எடுத்துக்கொண்டு மற்றதை இன்டர்வியூ முடியும் வரை ஒதுக்கி வையுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர் கணக்குகளையெல்லாம் சி மொழியில் பழகி, அது ஒன்றுதான் கையில் ஓடுகிறது என்றால் சி++ பக்கத்து வீடு. லூப், ஃபங்ஷன் எல்லாம் அப்படியே இருக்கும். வெக்டர், மேப், செட், ஸ்டாக், கியூ, வரிசைப்படுத்தல் மட்டும் புதிதாகக் கற்றால் போதும், கிளாஸ் பற்றிய ஆழமெல்லாம் பிறகு. ஏற்கெனவே இரண்டு மூன்று வருடமாக ஆபீசில் ஜாவா எழுதுகிறீர்கள் என்றால் மாற்றவே மாற்றாதீர்கள். அந்த நீளமான வரிகள் உங்கள் விரலில் இருக்கின்றன.

இரண்டு வாரத்தில் இன்டர்வியூவை வைத்துக்கொண்டு மொழியை மாற்றுவது, புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புவது போல. இரண்டு மூன்று மாதம் கையில் இருந்தால் தாராளமாக மாற்றலாம். தினம் இரண்டு கணக்கு வீதம் போட்டால் அதற்குள் கை பழகிவிடும். இரண்டு மொழியைச் சேர்த்துப் பழகுவதும் வேண்டாம். கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது ஒரு மொழியில் ‘அப்பெண்ட்’, ஒன்றில் ‘ஆட்’, இன்னொன்றில் ‘புஷ்’, சி++-இல் ‘புஷ் பேக்’. பதற்றத்தில் நான்கும் ஒன்றாக வாய்க்கு வரும்.

கை பழகிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எடிட்டர் வேண்டாம், தானாக நிரப்பித் தரும் வசதி வேண்டாம், வெறும் தாள் ஒன்றை எடுங்கள். ஹாஷ் மேப்பை உருவாக்கி எண்ணிக்கை ஏற்றுவது, சாவியும் மதிப்புமாகச் சுற்றி வருவது, ஜோடிகளை இரண்டாவது உறுப்பை வைத்து இறங்கு வரிசையில் அடுக்குவது, ஹீப்பில் போட்டு எடுப்பது, கியூ வைத்து அகலவாக்கில் தேடுவது, இரு பரிமாணக் கட்டம் அமைப்பது, ஸ்ட்ரிங்கைப் பிரித்துச் சேர்ப்பது, லிங்க்டு லிஸ்ட் கண்ணி ஒன்றுக்கு கிளாஸ் எழுதுவது. பார்க்காமல் எழுதிவிட்டு கணினியில் அப்படியே அடித்து ஓட்டுங்கள். எங்கே எரர் வருகிறதோ அதை மட்டும் மறுநாள் திரும்ப எழுதுங்கள்.

இவ்வளவு செய்தும் இன்டர்வியூவில் ஏதோ ஒரு ஃபங்ஷனின் பெயர் மறந்துபோகும். அப்போது மூடி மறைக்காமல், “இதன் பெயர் சரியாக நினைவில்லை சார், வரிசைப்படுத்திய லிஸ்ட்டில் இடம் தேடித் தரும் ஃபங்ஷன் என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். பைசெக்ட்டுக்கு இப்படிக் கேட்கலாம், ஹாஷ் மேப்புக்குக் கேட்க முடியாது.